ஒரே வீட்டில் முதலாளி, தொழிலாளி, நுகர்வோர்: கொங்கு நாட்டுக்குள் உலகச் சந்தை

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருக்கிறது. வீட்டுப் பெரியவருக்கு, அதாவது அந்த வீட்டுப் பிள்ளைகளின் அப்பாருக்கு, ஐந்து ஏக்கர் தென்னை. மூத்த மகன் திருப்பூரில் இருபது தையல் மெஷின் போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிறார். இளைய மகன் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம். ஆத்தா மாதம் தவறாமல் ரேஷன் கடைக்குப் போய் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில் வாங்கி வருகிறார். தென்னந்தோப்பு வீட்டு அடுப்பில் கொதிப்பது மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ கப்பலில் வந்த எண்ணெய்.

உலகமயமாக்கலைப் பற்றி எழுதும்போது தொழில் நடத்துவோர், வாங்குவோர், உழைப்போர் என்று மூன்று தலைப்பாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். கொங்கு நாட்டில் அந்தப் பிரிவினை ரொம்ப நேரம் நிற்காது. மூன்று பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்த லாபத்துக்கு இன்னொருவர் கொடுத்த விலையும் அதே வீட்டிலிருந்துதான் போயிருக்கும். அதனால் உலகச் சந்தையில் எங்கோ ஏதோ அசையும்போது, அந்த அதிர்ச்சி யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி, கடைசியில் யாரிடம் போய்த் தங்குகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் பார்க்கிறேன்.

வெள்ளை பனியனுக்கு வந்த கிராக்கி

திருப்பூர் 1920, 30களிலிருந்தே பனியன் ஊர். ஆனால் அந்த பனியன் உள்ளூருக்கும் வடநாட்டுக்கும் போன வெள்ளை உள்ளாடை. 1970களின் கடைசியில் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் திருப்பூரைக் கேள்விப்பட்டு, வெள்ளை டி-ஷர்ட் கேட்டு இங்கே வந்ததை ஊரில் இன்றும் சொல்வார்கள். 1981ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைச் சங்கிலி வந்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 10, 15 கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2024-25ல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்க்கு வந்து நிற்கிறது. இந்தியாவிலிருந்து போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரின் சரக்கு.

இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பரம்பரைப் பணக்காரர்கள் இல்லை. கிணறு வற்றிப்போன காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, தொழில் பழகி, சீட்டுப் பணத்திலும் மாமன் மச்சான் பங்கிலும் நாலு மெஷின் வாங்கிப் போட்டவர்கள். அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு டி-ஷர்ட் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் தயாரிக்க வேண்டிய அவசியம் திருப்பூரில் கிடையாது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள் தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஷெட். எந்த ஒரு கண்ணியிலும் கொஞ்சம் முதலோடு உள்ளே நுழைந்துவிடலாம். 1991ல் ரூபாயின் மதிப்பை அரசு குறைத்தபோது, கையிலிருந்த அதே சரக்குக்கு வெளிநாட்டில் விலை மலிந்தது, ஆர்டர் பெருகியது, ஷெட்டுகளும் பெருகின.

இப்படிப் பிரித்துப் பிரித்து வேலை செய்வதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1984ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய கம்பெனிகள் வேலையைச் சிறு சிறு ஷெட்டுகளுக்கும் காண்ட்ராக்ட்காரர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது வேகமெடுத்தது என்று இந்த ஊரை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஐநூறு பேர் ஓரிடத்தில் வேலை செய்தால் சங்கம் கட்டலாம். இருபது பேர் இருக்கும் ஷெட்டில் முதலாளியும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார். அவரிடம் எதைக் கேட்பது? சாதாரணக் குடும்பம் மேலே ஏறிவர உதவிய ஏணி, மேலிருந்து வரும் சுமை கீழே இறங்கவும் வழியாகிவிட்டது.

கோட்டா இருந்ததும் போனதும்

1974 முதல் பணக்கார நாடுகள் பல்லிழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின்படி, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஜவுளி வரலாம் என்று அளவு வைத்திருந்தன. இந்தியாவுக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கு ஏற்றுமதியாளர்களுக்குக் கோட்டாவாகப் பிரிக்கப்பட்டது. கோட்டா ஒரு தடை என்றுதான் எல்லோரும் பேசினார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அது ஒரு வேலியாகவும் இருந்தது. சீனாவிலும் வேறு நாடுகளிலும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அவர்களுடைய அளவு முடிந்த பிறகு பையர், அதாவது ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுக்காரர், இங்கே வந்துதான் ஆக வேண்டும். உலக வர்த்தக அமைப்பு வந்த பிறகு கோட்டா படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் போனது.

திருப்பூர் அதில் மூழ்கிவிடவில்லை; இன்னும் வளர்ந்தது. ஆனால் பேரம் மாறிவிட்டது. வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால் 2001 முதல் அதன் துணி ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போகிறது. நம் துணிக்கு அங்கே பத்து சதவீதத்தை ஒட்டிய வரி. துணி, சாயம், தையல் என்று எல்லாவற்றிலும் பைசா பைசாவாக மிச்சம் பிடித்துப் போட்டியிடும் தொழிலில் அந்தப் பத்து சதவீதம் ஒரு மலை. பையர் டாக்கா விலையைச் சொல்லிக்கொண்டே இங்கே விலை கேட்பார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த மலிவு விலைக்குள் என்ன இருந்தது என்று உலகமே அன்று பார்த்தது. அப்படியும் டாக்கா விலைதான் இன்றுவரை நம் விலையையும் பிடித்து வைத்திருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆயத்த ஆடைக்கான வரி நீங்குகிறது என்றதும் திருப்பூரில் அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது ஏன் என்பதை இங்கிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடி இறங்கும் பாதை

கடந்த இருபது வருடத்தில் திருப்பூர் வாங்கிய அடிகளை வரிசைப்படுத்தினால் ஒரு விஷயம் தெரியும். அவற்றில் பலவும் இங்கே யாரும் செய்த தவறால் வந்தவை அல்ல. 2007 கடைசியில் ஒரு டாலர் 39 ரூபாய் வரைக்கும் இறங்கியது. விலை பேசும்போது 44 என்று கணக்குப் போட்டவருக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தபோது டாலருக்கு ஐந்து ரூபாய் காணாமல் போயிருந்தது. அதைச் சமாளிக்க வங்கிகள் விற்ற சிக்கலான நாணய ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட பலர் மேலும் நட்டப்பட்டு நீதிமன்றம் வரை போனார்கள். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன்னால் அதில் பாதி அளவுதான். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய பெட்டிகள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு ஐரோப்பா போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம், கூடுதல் வாடகை.

இவற்றில் ஒன்றை மட்டும் அடிவரை பின்தொடர்வோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டது. காரணம் ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவது உள்ளிட்ட அரசியல். திருப்பூர் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவு அமெரிக்கா போகிறது. சட்டப்படி அந்த வரியைக் கட்ட வேண்டியவர் அமெரிக்காவில் சரக்கை இறக்குபவர். ஆனால் அவர் உடனே இங்கே கூப்பிடுகிறார்: வரியில் ஒரு பங்கை நீங்கள் தள்ளுபடியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் வியட்நாமுக்கோ வங்கதேசத்துக்கோ போகும். நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு முடித்த நிலையில் ஏற்றுமதியாளரால் மறுக்க முடியாது. தள்ளுபடி கொடுக்கிறார். அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்காரருக்கும் தையல் ஷெட்டுக்கும் தர வேண்டிய பணம் தள்ளிப் போகிறது. அடுத்த வேலைக்குப் பீஸ் விலை குறைகிறது.

மேலே சொன்ன வீட்டின் மூத்த மகனிடம் அப்போது பேசினேன். "பையர் டிஸ்கவுண்ட் கேக்கறாருங்க. கம்பெனிக்காரரு அதைக் கொடுத்துட்டு எங்ககிட்ட பீஸுக்கு ஒரு ரூபா கொறைச்சுக்கச் சொல்றாரு. நான் ஆருகிட்டங்க கொறைக்கறது?" என்று கேட்டார். அவர் யாரிடம் குறைப்பார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றரை ஷிப்ட் ஓடிய மெஷின்கள் ஒரு ஷிப்ட் ஆகும். வாரத்துக்கு ஆறு நாள் என்பது நாலு நாள் ஆகும். தைப்பவருக்கு அந்தச் சனிக்கிழமைச் சம்பளக் கவர் மெலிந்து போகும். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து சில வாரங்களில் திருப்பூர்ப் பெண்ணொருவரின் மளிகைக் கடை நோட்டில் வந்து விழுகிறது. நடுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்ததைக் கீழே தள்ளிவிட்டார்கள், அதுவும் வேறு வழியில்லாமல். தைக்கும் பெண்ணுக்குக் கீழே தள்ள ஆளில்லை.

காத்திருப்பும் இப்படித்தான் இறங்குகிறது. முன்பெல்லாம் வங்கி உத்தரவாதக் கடிதம் வந்த பிறகே சரக்கு ஏறும். இப்போது பல பையர்கள் சரக்கு வாங்கி அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் அனுப்புகிறார்கள். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2024 மார்ச்சில் அந்த நிதியாண்டுக் கணக்கை முடிக்கும்போது அதன் சூடு தெரிந்தது. தைத்துக் கொடுப்பவருக்கு நல்லது செய்ய வந்த விதி. ஆனால் ஏற்றுமதியாளருக்கே தொண்ணூறாம் நாள்தான் பணம் வருகிறது என்றால் நடுவே இருக்கும் இடைவெளியை யார் நிரப்புவது? அந்த விதி லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பையரைத் தொடாது. என் பார்வையில் இந்தத் தொழிலின் பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது: வலுவானவர் கடனுக்கு வாங்குகிறார், வலு குறைந்தவர் அந்தக் கடனைத் தாங்குகிறார்.

தைப்பவர்கள்

திருப்பூரில் நேரடி வேலை ஆறு லட்சம் பேருக்கு மேல் என்பது தொழில் அமைப்புகள் சொல்லும் கணக்கு. இதில் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கூலிக்குக் களை எடுத்த பெண்கள் கையில் வாரச் சம்பளம் வந்தது. அதிலிருந்து பிள்ளைகள் படித்தார்கள், கடன் அடைந்தது, சிலர் சொந்த மெஷின் வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த தலித் குடும்பங்களுக்குக் காட்டை விட்டு வெளியே வர ஒரு கதவு திறந்தது. காட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டக்காரர்கள் குறைப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஆனால் அந்தச் சம்பளம் எட்டு மணி நேரத்தில் வருவதில்லை. காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு, எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட்தான் இங்கே வழக்கமான நாள். ஷிப்மென்ட் நெருங்கினால் இன்னும் நீளும். கடைகளில் சீசனுக்குச் சீசன் மாறிய துணி இப்போது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஆர்டர் கொடுத்துச் சரக்குக் கேட்கும் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் குறைந்த நாள்கள் எல்லாம் தையல்காரர்களின் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

பஞ்சாலைகளில் நடந்தது இன்னும் கடுமை. நாட்டின் நூற்புத் திறனில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கம்தான் அதிகம். கல்யாணச் செலவுக்கு மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் 2011 வாக்கில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. வெளியே போக முடியாது, போனில் நினைத்தபடி பேச முடியாது, நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்தத் தொகை கிடைக்காது. ஐரோப்பாவில் அறிக்கைகள் வெளியாகி, பையர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் பல ஆலைகள் மாறின. உள்ளூரில் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் வருடக்கணக்காகச் சொன்னபோது அசையாதது, வாங்குபவர் கேட்டதும் அசைந்தது. உலகச் சந்தை தொழிலாளிக்குச் செய்த நன்மையில் இதையும் சேர்க்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட அதே பையர் ஒரு கிலோ நூலுக்கு ஒரு பைசா கூட்டிக் கொடுத்தாரா என்று நாமும் கேட்க வேண்டும்.

இப்போது தைப்பவர்களில் பெருந்தொகை பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்தவர்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பயந்து பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து பார்த்தது. மாவட்ட நிர்வாகம் இந்தியில் விளக்கம் கொடுத்தது. அந்த ஒரு வாரத்தில் பல ஷெட்டுகளில் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. வடக்கத்தியர் வந்ததால் நம் ஆள்களுக்கு வேலை போயிற்று என்று பேசுபவர்கள் அந்த வாரம் திருப்பூரில் இருந்திருந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு மெஷினில் உட்கார விரும்பவில்லை, அது நல்ல விஷயம்தான். அந்த மெஷினில் வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தங்க நல்ல இடமும், வாக்குச்சாவடியில் ஒரு குரலும், அடிபட்டால் கேட்க ஒரு சங்கமும் இன்னும் சரியாக அமையவில்லை. பேரத்தில் குரல் இல்லாதவர் தலையில்தான் அடுத்த அதிர்ச்சி போய் இறங்கும்.

நொய்யல்

சாயத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட நிறையத் தண்ணீரும் உப்பும் வேண்டும். அந்த உப்புத் தண்ணீர் பல வருடம் நொய்யலில் போய்ச் சேர்ந்தது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992ல் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். கடைசியில் அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாகி, கீழே இருக்கும் விவசாயிகளே தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. பாசனத்துக்கு அணை கேட்ட கையே அணைத் தண்ணீர் வேண்டாம் என்று மனு எழுதியது. இதே நொய்யல் கரையில்தான் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் படியூர்ப் பக்கத்துப் பச்சைக் கற்களைப் பட்டை தீட்டி மேற்குக் கடற்கரை வழியாக ரோமுக்கு அனுப்பிய ஊர் அது. வெளிநாட்டு வியாபாரம் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. அதன் கழிவைச் சுமந்தது மட்டும் நம் காலத்தில்.

விவசாயிகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறியவையே திறக்க முடிந்தது. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது என்று பெரிய செலவு. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரு ஜவுளி நகரமே இப்படி மாறியது உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணாத சாதனை. திருப்பூர்க்காரர்கள் அதற்காகப் பெருமைப்பட உரிமை உள்ளவர்கள். ஆனால் அந்தச் சுத்தத்துக்கான செலவு டி-ஷர்ட்டின் விலையில் ஏறவில்லை. போட்டி நாடுகளில் இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லாததால் பையர் அதற்கென்று தனியாகக் கொடுக்க முன்வரவில்லை. முதலில் ஆறு சுமந்தது, பிறகு பட்டறை சுமக்கிறது. உடுத்துபவர் இரண்டு காலத்திலும் சுமக்கவில்லை.

தென்னையும் பாமாயிலும்

சரி, அப்பாருவின் தோப்புக்கு வருவோம். நுகர்வோர் என்ற பேச்சு இங்கேதான் கூர்மையாகிறது.

இந்தியாவின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி; அதில் முதலிடம் பாமாயிலுக்கு. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அது 25 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதே நேரத்தில் காங்கேயம், கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர்பெற்ற ஊர். 2023ல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதரவு விலை கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. சந்தை விலை அதைவிட வெகுவாகக் கீழே கிடந்தது. ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் தேங்காயை ரோட்டில் உடைத்துப் போராடினார்கள். அப்பாரு போராட்டத்துக்குப் போனார். ஆத்தா ரேஷன் கடைக்குப் போனார். இருவர் செய்ததும் சரிதான். கொப்பரை விலை விழுந்திருக்கும் மாதத்தில் 25 ரூபாய் எண்ணெயை எந்த வீட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

2025ல் காற்று திரும்பியது. அதே கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்பாருவிடம் காய் இல்லை. காரணம், ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி இது. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 2016ல், நம் பொள்ளாச்சியில். மட்டையின் அடியில் வெள்ளைச் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, இலையின் மேல் கரும்பூசணம் படரவைத்துவிடும். அதோடு வாடல் நோயும் வெயிலும் சேர்ந்தன. பொருள்கள் எல்லை தாண்டிப் போகும்போது பூச்சிகளும் கூடவே போகின்றன. விலை மலிந்தபோது காய் இருந்தது, விலை ஏறியபோது மரம் காய்க்கவில்லை.

பூச்சிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. 2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கண்டதையெல்லாம் வெள்ளையாக மூடியது. மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. விவசாயிக்குப் பைசா செலவில்லை. கடல் தாண்டி வந்த நோய்க்குக் கடல் தாண்டியே மருந்தும் வந்தது, நடுவில் அரசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று விழிப்போடு இருந்ததால். வெள்ளை ஈக்கும் அப்படி இயற்கை எதிரிகளை வைத்து வேலை நடக்கிறது; ஆனால் பப்பாளியில் கிடைத்த வேகம் தென்னையில் கிடைக்கவில்லை.

தென்னையிலேயே இன்னொரு கண்ணி நன்றாக ஓடியிருக்கிறது. ரோட்டோரம் மலையாகக் கொட்டிக் கிடந்த நார்க்கழிவு, கட்டிகளாக அழுத்தப்பட்டு, மண் இல்லாமல் தக்காளியும் பூவும் வளர்க்கும் வெளிநாட்டுக் கூடாரங்களுக்குப் போகிறது. பொள்ளாச்சியிலும் காங்கேயத்திலும் அதில் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், கதை ஒன்றே என்பதால். கோவையில் மோட்டார் பம்பு செய்பவர் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு என்ன விலை என்று பார்த்துத்தான் சுருள் கம்பி வாங்குகிறார். பம்பின் விலையை மட்டும் அவர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, சீனச் சரக்கு பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது. நாமக்கல்லில் நாட்டின் வேறு ஏதோ ஒரு மூலையில் பறவைக்காய்ச்சல் என்றால்கூட, வளைகுடா நாடொன்று இறக்குமதியை நிறுத்திவிட்டால் போதும், முட்டை தேங்கிவிடும். கோழிக்குத் தீனி போடுவதை யாரும் நிறுத்த முடியாது. கரூரின் மேசை விரிப்பும் போர்வையும் திருப்பூர் டி-ஷர்ட் போகும் அதே கடைகளுக்குப் போகின்றன. அதே பையர், அதே பேரம். சோமனூர், பல்லடம் விசைத்தறிகளில் காடா என்னும் வெளுக்காத துணியைக் கூலிக்கு நெய்பவர்கள் 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறியை நிறுத்திக் கூலி உயர்வு கேட்டார்கள். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் கிடந்தது அவர்கள் கூலி ஒன்றுதான்.

என்ன செய்யலாம் என்றால், சில விஷயங்கள் நம் கைக்குள்ளேயே இருக்கின்றன. ரேஷனில் ஒரு பங்காவது தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுத்து, விலை விழும் வருடங்களில் கொள்முதலைக் கூட்டினால் அப்பாருவும் ஆத்தாவும் ஒரே பக்கம் நிற்க முடியும். வரியோ போரோ வந்து ஆர்டர் நிற்கும் மாதங்களில், தையல்காரருக்கு ஒரு பகுதிச் சம்பளமாவது கிடைக்க தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ மாதிரி ஒரு நிதி இப்போதே கட்டத் தொடங்கலாம். 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊருக்கு அது முடியாத காரியமல்ல. வர்த்தக ஒப்பந்தம் பேசும் இடத்தில் வரியைப் பற்றிப் பேசும் அளவுக்கு, எத்தனை நாளில் பணம் தர வேண்டும், சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவை யார் ஏற்பது என்பதையும் மேசையில் வைக்க வேண்டும். பேசப் போகிறவர்கள் ஏற்றுமதியாளரை மட்டும் கூட்டிக்கொண்டு போகாமல், தைத்துக் கொடுப்பவரையும் தைப்பவரையும் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

போன மாதம் அந்தச் சாளைக்குப் போயிருந்தேன். அப்பாரு வெள்ளை ஈ பிடிக்க, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் தாளை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார். மூத்தவர் திண்ணையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ பழைய பில்லுக்குப் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் போட்டுடறேனுங்க" என்ற பதில் எனக்கே கேட்டது. உள்ளே ஆத்தா பலகாரத்துக்கு எண்ணெய் காயவைத்திருந்தார்.